மது இல்லாத கோப்பையில் என்ன குறைகிறது?

இருபது வருடமாகக் குடித்துவந்த நண்பர் ஒருவர், கல்லீரல் பரிசோதனை முடிவைப் பார்த்த அன்றோடு மதுவை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் கூடிய முதல் மாலை, என் வீட்டு மொட்டைமாடியில். மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கோப்பை. அவருக்கு நான் கொடுத்தது காகிதக் குவளையில் ஆரஞ்சு நிறக் குளிர்பானம். இரண்டே நிமிடத்தில் குடித்து வைத்துவிட்டார். மற்றவர்கள் அதே அளவு பானத்தை முக்கால் மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று ஊற்றட்டுமா என்று கேட்டேன். "வேணாம்ப்பா, திகட்டுது" என்றார். மீதி நேரம் முழுக்க வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்.

அந்தத் 'திகட்டுது' எனக்குள் தங்கிவிட்டது. குடிக்காதவர்களை நாம் குழந்தைகளைப் போலத்தான் உபசரிக்கிறோம். கர்ப்பிணி, மாத்திரை சாப்பிடுபவர், மார்க்கம் விலக்கியதால் தொடாதவர், வண்டி ஓட்டிப் போக வேண்டியவர், குடிக்கவே பிடிக்காதவர் என எல்லோருக்கும் ஒரே விடை: சர்க்கரைத் தண்ணீர். ஓட்டல்களில் 'மாக்டெயில்' என்று கேட்டாலும் பெரும்பாலும் வருவது நீலத்திலோ பச்சையிலோ ஒரு சிரப், அதன்மேல் சோடா, அதன்மேல் ஒரு புதினா இலை. காக்டெயில் செய்முறையிலிருந்து சாராயத்தை எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே ஊற்றிக் கொடுத்தால் அதுதான் கிடைக்கும்.

சாராயம் போதை தருகிறது என்பது தெரிந்ததே. அது போதையோடு சேர்த்து அந்தக் கோப்பையில் வேறு பல வேலைகளையும் செய்துகொண்டிருக்கிறது. தொண்டையைச் சுடுகிறது, மணத்தைச் சுமக்கிறது, பானத்துக்குக் கனம் தருகிறது, இனிப்பை அடக்கி வைக்கிறது. இந்த வேலைகளையெல்லாம் வேறு யாரிடமாவது ஒப்படைத்தால்தான் மது இல்லாத கோப்பை முழுமையாகும். ஒப்படைக்க ஆட்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் நம் அஞ்சறைப் பெட்டியிலேயே.

முதலில் அந்தச் சூடு. விஸ்கியின் முதல் மடக்கு இறங்கும்போது தொண்டை எரிகிறது. உண்மையில் அங்கே எதுவும் சூடாகவில்லை. வாயிலும் தொண்டையிலும் இருக்கும் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் உண்டு. வெப்பம் ஏறக்குறைய 42 டிகிரியைத் தாண்டினால் திறந்துகொண்டு 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும் சின்னக் கதவு அது. 1997இல் சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு அதை அடையாளம் கண்டது. அவர்களுக்கு வழிகாட்டியது மிளகாயின் காரப்பொருளான கேப்சாய்சின். அந்த வழியில் நடந்த ஆய்வுகளுக்காக 2021இன் மருத்துவ நோபல் பரிசு ஜூலியஸுக்கும் ஆர்டெம் படாபூட்டியனுக்கும் கிடைத்தது. இந்தக் கதவின் மேல் சாராயம் என்ன செய்கிறது என்பது 2002இல் தெரியவந்தது. 42 டிகிரியில் திறக்க வேண்டியதை அது 34 டிகிரி வாக்கிலேயே திறக்க வைத்துவிடுகிறது. நம் உடம்பின் வெப்பமே 37 டிகிரி. ஆக, விஸ்கி குடிப்பவர் தொண்டையில் உணரும் தீ அவருடைய சொந்த உடம்பின் சூடுதான்.

அதே கதவை மிளகாயும் திறக்கும், மிளகும் திறக்கும், இஞ்சியும் சுக்கும் திறக்கும். ஆனால் ஒவ்வொன்றும் திறக்கும் விதம் வேறு. மிளகாயின் எரிச்சல் நாக்கில் பிடித்துக்கொண்டு லேசில் போகாது; அடுத்த வாய்க்கு இடம் விடாது. சாராயத்தின் சூடு சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். அதற்கு ஓரளவு கிட்டே வருவது, என் அனுபவத்தில், சுக்கும் கொஞ்சம் மிளகும் சேர்ந்தது. இஞ்சியைவிடச் சுக்கு ஏன் காரம் என்பதற்கு வேதியியலில் நேரான பதில் இருக்கிறது. பச்சை இஞ்சியின் காரப்பொருள் ஜிஞ்சரால். இஞ்சி உலரும்போதும் சூடாகும்போதும் ஜிஞ்சரால் ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகாலாக மாறுகிறது. 'ஷோகா' என்றால் ஜப்பானிய மொழியில் இஞ்சி. காரத்தில் ஷோகால் ஜிஞ்சராலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இஞ்சிக்கும் சுக்குக்கும் தனித்தனிப் பெயரும் தனித்தனி வேலையும் கொடுத்து வைத்திருந்த நம் பாட்டிகளுக்கு இந்த வித்தியாசம் நாக்கிலேயே தெரிந்திருந்தது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இந்தக் காரப்பொருள்கள் எண்ணெயிலும் சாராயத்திலும் நன்றாகக் கரையும். தண்ணீரில் கரைய மறுக்கும். மிளகின் பைப்பரின் ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் சுமார் 40 மில்லிகிராம்தான் கரையும். ஆகவே தூளைத் தூவிக் கலக்கினால் பானம் கலங்கலாகும், நாக்கில் மணல் நெருடும், காரம் வராது. 5 கிராம் சுக்கை நன்றாகத் தட்டி, நாலைந்து மிளகை உடைத்துப் போட்டு, 250 மி.லி. தண்ணீரில் மூடி வைத்துச் சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்க விட வேண்டும். தெளிய வைத்து மெல்லிய துணியில் வடிகட்டினால் பொன்னிறக் கஷாயம் கிடைக்கும். ஒரு கோப்பைக்கு 30 மி.லி. போதும். குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் கெடாமல் இருக்கும்.

அடுத்தது மணம். நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சில சுவைகளை மட்டும். நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும்பகுதி, விழுங்கும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை. ஜலதோஷம் பிடித்தவருக்கு ரசமும் வெந்நீரும் ஒன்றாக இருப்பது அதனால்தான். அந்த வாசனைப் பொருள்களில் பெரும்பாலானவை எண்ணெயோடு சேருபவை; தண்ணீருக்கு ஆகாதவை. சாராயத்தின் மூலக்கூறான எத்தனாலின் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை எண்ணெயோடு ஒட்டும். இப்படி இரு பக்கமும் உறவு கொண்டாடுவதால்தான் ஒரு புட்டி ஜின்னுக்குள் ஜூனிப்பர் காயும் எலுமிச்சைத் தோலும் கொத்தமல்லி விதையும் தெளிவான திரவமாக அடங்கிக் கிடக்கின்றன.

ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2017இல் கணினியில் இதை ஆராய்ந்தார்கள். விஸ்கியின் புகை மணத்துக்குக் காரணமான குவாயகால் என்ற மூலக்கூறு, சாராயம் அதிகமாக இருக்கும்போது திரவத்துக்குள் மூழ்கிக் கிடக்கிறது. தண்ணீர் சேர்த்ததும் மேற்பரப்புக்கு வருகிறது. விஸ்கியில் சில துளி தண்ணீர் விடுபவர்கள் சொல்லிவந்ததற்கு விளக்கம் கிடைத்தது. நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. சாராயமே இல்லாத பானத்தில் மணம் உள்ளே தங்காமல் மேலே வந்து சீக்கிரம் பறந்துவிடும். முதல் வாய் கமகமவென்று இருக்கும், ஐந்தாவது வாய் வெறும் தண்ணீராக இருக்கும். மணத்தைப் பிடித்து வைக்க வேறு வாகனம் வேண்டும்.

ஒரு வாகனம் சர்க்கரை. நம் ஊர் எலுமிச்சைக்குத் தோல் மெலிசு. அதன் பச்சை மேல்தோலை மட்டும், அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி வராமல், கூரிய கத்தியால் சீவ வேண்டும், வெள்ளை கசக்கும். ஆறேழு பழத்தின் தோலை 100 கிராம் சர்க்கரையோடு சேர்த்துக் கையால் நன்றாகப் பிசைந்து மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். தோலில் இருக்கும் ஈரத்தைச் சர்க்கரை உறிஞ்சும்போது எண்ணெய்ப் பைகள் உடைந்து, லிமோனீன் முதலிய வாசனை எண்ணெய்கள் சர்க்கரைமேல் படர்ந்துவிடும். நாலைந்து மணி நேரம் கழித்துப் பார்த்தால் கிண்ணத்தில் பிசுபிசுப்பான ஒரு பாகு. அதில் பழங்களின் சாற்றையே ஊற்றிக் கரைத்து வடிகட்டினால், சாதாரண எலுமிச்சைச் சாறு இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஐரோப்பாவில் பழைய பஞ்ச் பானங்களுக்கு இதுதான் அடிப்படை. லத்தீனில் 'எண்ணெய்ச் சர்க்கரை' என்றே பெயர். அந்த 'பஞ்ச்' என்ற சொல் நம் பக்கத்து 'பஞ்ச'த்திலிருந்து, அதாவது சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்ற ஐந்திலிருந்து, போனது என்று அகராதிகள் பல சொல்கின்றன. அந்த ஐந்தில் முதலாவதை நீக்கிவிட்டு, சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டால் கையில் இருப்பது ஸ்ரீராமநவமிப் பானகம். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், சில கோயில்களில் ஒரு துளி பச்சைக் கற்பூரம். சூட்டுக்குச் சுக்கு, குளிர்ச்சிக்குக் கற்பூரம், இனிப்பை வெட்டப் புளிப்பு, மேலே ஏலத்தின் மணம். மதுவைப் பற்றி நினைக்கவே நினைக்காமல் செய்த இந்தப் பானத்தில், மது செய்யும் வேலைகளில் பாதிக்குமேல் நடந்துவிடுகிறது.

இன்னொரு வாகனம் நீராவி. 2015இல் பிரிட்டனில் பென் பிரான்சன் என்பவர் சீட்லிப் என்ற பெயரில் சாராயமில்லாத வடிபானம் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1651இல் ஜான் பிரெஞ்ச் எழுதிய வடித்தல் கலை பற்றிய நூல் தனக்குத் தூண்டுதல் என்றார். இன்று உலகமெங்கும் பெருகியிருக்கும் மதுவில்லா 'ஸ்பிரிட்' புட்டிகளுக்கு அது முன்னோடி. அதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது கல்யாண வாசலில் இருக்கும் பன்னீர்ச் சொம்பு. பன்னீரும் மதுவில்லா வடிநீர்தான். மலையாளத்தில் பனிநீர் என்பார்கள். ஆவி குளிர்ந்து பனித்துளியாக இறங்குவதை அந்தப் பெயரே காட்டுகிறது.

ரோஜாவின் மணத்தில் முக்கியப் பங்கு வகிப்பது பினைல் எத்தனால் என்ற பொருள். வேதியியல் குடும்பப் பெயரில் ஆல்கஹால்தான், போதை கிடையாது. வாசனைப் பொருள்களில் அபூர்வமாக இது தண்ணீரில் நன்றாகக் கரையும். ரோஜாவை வடிக்கும்போது மேலே மிதக்கும் அத்தர் எண்ணெயில் தங்காமல் தண்ணீரோடு போய்விடும் அளவுக்குக் கரையும். பன்னீர் அவ்வளவு மணப்பதும், பன்னீர் சோடா சாராயத்தின் துணையில்லாமலே நிற்பதும் இதனால்தான்.

வீட்டில் வடிக்கப் பட்டறை வேண்டாம். அடி கனத்த குண்டானில் நடுவே ஒரு சின்னக் கல்லோ தாங்கியோ வைத்து, அதன்மேல் கிண்ணம். சுற்றிலும் இதழ்களும் அவை மூழ்கும் அளவு தண்ணீரும். மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் குழியில் பனிக்கட்டிகளை நிரப்ப வேண்டும். மிதமான தீயில் ஆவி மேலே போய், குளிர்ந்த மூடியில் பட்டு, குமிழ் வழியாகக் கிண்ணத்தில் சொட்டும். அரைமணி நேரத்தில் ஒரு டம்ளர் சேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் வருவது வேகவைத்த இதழின் நாற்றம். பூக்கடை ரோஜா வேண்டாம், பூச்சிமருந்து அடித்தது. வீட்டுத் தொட்டியில் பூத்த பன்னீர் ரோஜாவே சரி. ரோஜா இல்லையென்றால் புதினா, கொத்தமல்லி விதை, எலுமிச்சைப்புல், நாரத்தை இலை எதையும் வடிக்கலாம். நாரத்தை இலையை வடித்த நீரை முதல்முறை முகர்ந்தபோது, ஒரு மரமே அடுப்படிக்குள் வந்து நின்றது போல இருந்தது.

நன்னாரியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. அந்த வேரின் மணப்பொருளும் வெனிலாவின் வெனிலினும் ஒரே அணுக்களால் ஆனவை: எட்டுக் கார்பன், எட்டு ஹைட்ரஜன், மூன்று ஆக்சிஜன். வளையத்தில் இரண்டு குழுக்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். ஓக் பீப்பாயில் ஊறிய மதுவகைகளுக்கு அந்த இதமான நெடியைத் தருபவற்றில் வெனிலினும் ஒன்று. பீப்பாய் ஆண்டுக்கணக்கில் செய்வதன் ஒரு பகுதியை நன்னாரி ஓர் இரவில் செய்துவிடும். ஆனால் அந்தப் பொருள் ஆவியோடு பறந்துபோகக் கூடியது. திறந்த பாத்திரத்தில் வேரை மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால் வீடெல்லாம் மணக்கும், சர்பத் மணக்காது. நடுவேர்க் கட்டையை நீக்கி, தட்டி, வெந்நீரில் மூடி வைத்து இரவு முழுக்க ஊற விடுவதே நல்லது. வெட்டிவேர் இதற்கு எதிர்க்குணம். அதன் மூலக்கூறுகள் கனமானவை, மெதுவாகத்தான் எழும். எல்லா மணமும் போன பிறகும் கோப்பையின் அடியில் அது இருக்கும்.

கனத்தைப் பார்ப்போம். தண்ணீரோடு ஒப்பிட்டால் 40 சதவீதச் சாராயம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு பிசுப்பு உடையது. தண்ணீரையும் சாராயத்தையும் தனித்தனியாக எடுத்தால் இரண்டுமே நீர்த்தவை. கலந்தால்தான், அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால், இந்தக் கனம் வருகிறது. அதை எடுத்துவிட்டால் பானம் வாயில் நிற்காமல் ஓடிவிடும். சர்க்கரையைக் கூட்டிக் கனம் சேர்த்தால் திகட்டும். என் தேர்வு தேநீர். கெட்டியான கறுப்புத் தேநீரை ஆறவைத்துக் குளிரூட்டிச் சேர்த்தால், அதன் டானின் எச்சிலில் இருக்கும் புரதங்களைப் பிடித்து இறுக்கி வாயில் ஒரு துவர்ப்பை உண்டாக்கும். நாக்கு அந்தத் துவர்ப்பைக் கனம் என்றே எடுத்துக்கொள்ளும். பால்போல நுரை வேண்டுமென்றால் கொண்டைக்கடலையை உப்பில்லாமல் வேகவைத்த தண்ணீரை வீணாக்காமல் சுண்ட வைத்து, ஆறியதும் இரண்டு தேக்கரண்டி விட்டு மூடிய பாத்திரத்தில் வேகமாகக் குலுக்கலாம். அதிலிருக்கும் புரதமும் சப்போனினும் முட்டை வெள்ளைக்கரு செய்வதைச் செய்யும். பிரான்சில் ஜோயல் ரோசல் என்பவர் 2014இல் இதைக் கவனித்துச் சொன்னார்.

கனத்தைக் கெடுக்கும் முதல் எதிரி ஐஸ். ஒரு சின்னக் கணக்கு. 30 டிகிரி வெயில் நாளில் அறையில் இருக்கும் 200 மி.லி. பானத்தை 5 டிகிரிக்குக் குளிர்விக்க ஏறக்குறைய 21,000 ஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகி அந்த 5 டிகிரிக்கு வரும்போது 355 ஜூல் எடுத்துக்கொள்ளும். வகுத்தால் 60 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். அதாவது நீங்கள் கவனமாகக் கலந்த பானத்தில் யாரோ 60 மி.லி. தண்ணீர் ஊற்றியதற்குச் சமம்; சுவை கிட்டத்தட்டக் கால் பங்கு இறங்கிவிடும். அதே பானம் குளிர்பதனப் பெட்டியிலிருந்து 8 டிகிரியில் வந்திருந்தால் 7 கிராம் ஐஸ் போதும். எல்லாவற்றையும், கோப்பையையும் சேர்த்து, முன்கூட்டியே குளிர வைப்பதைவிடப் பெரிய முன்னேற்றத்தை எந்தச் சிரப்பாலும் தர முடியாது. பொடி ஐஸைத் தவிர்த்துப் பெரிய கட்டி ஒன்று போடுங்கள், கிண்ணத்தில் உறைய வைத்ததாக இருந்தாலும் சரி. குளிர்ச்சி இனிப்பையும் அடக்கும். நாக்கின் இனிப்பு உணர்வு செல்களில் இருக்கும் டிஆர்பிஎம்5 என்ற கதவு 15 முதல் 35 டிகிரி வரை வெப்பம் ஏற ஏறத்தான் நன்றாகத் திறக்கிறது. ஜில்லென்று அளவாக இருந்த பானம் வெதுவெதுப்பானதும் பாகாக இனிப்பது இதனால்தான்.

இனிப்புக்கு அளவு என்ன? கடையில் விற்கும் கோலாக்களில் 100 மி.லி.க்குப் பத்து, பதினொரு கிராம் சர்க்கரை இருக்கும். வீட்டுக் கோப்பைக்கு அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டினால் போதும், எதிர்ப்பக்கம் புளிப்பு சரியாக நின்றால். எலுமிச்சைச் சாற்றில் ஏறக்குறைய 6 சதவீதம் சிட்ரிக் அமிலம். பத்துப் பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு அமிலம் என்ற கணக்கில் போனால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும்.

ஆனால் எலுமிச்சை ஒன்றையே நம்பினால் எல்லாப் பானமும் எலுமிச்சை ஜூஸாகிவிடும். ஆனி, ஆடியில் நாவல்பழம் கிடைக்கும்போது நான் செய்வது இது. கால் கிலோ பழத்தைக் கொட்டை நீக்கிப் பிசைந்து, 200 கிராம் சர்க்கரையில் புரட்டி, கண்ணாடி ஜாடியில் ஒரு நாள் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறேன். மறுநாள் வடிகட்டி, புளிக்க வைத்துத் தயாரித்த வினிகர் 150 மி.லி. சேர்க்கிறேன். ஆப்பிள் வினிகரோ தென்னங்கள்ளில் செய்ததோ இருக்கலாம். செயற்கை வினிகர் வேண்டாம், அது மூக்கை மட்டும் தாக்கும். ஒரு வாரம் போனால் முரட்டுத்தனம் அடங்கிவிடும். மேல்நாட்டில் இதற்கு 'ஷ்ரப்' என்று பெயர். சர்பத், சிரப், ஷ்ரப் மூன்றும் குடித்தலைக் குறிக்கும் ஒரே அரபு வேரிலிருந்து வந்த சகோதரிகள். வினிகரின் அசிட்டிக் அமிலம் ஆவியாகி மூக்கில் ஏறும்; சிட்ரிக் அமிலம் அப்படி ஏறாது. கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும்போதே மூக்கில் ஒரு சுள்ளென்ற தொடுகை வேண்டுமல்லவா, சாராயத்துக்குப் பதிலாக அதைத் தருவது வினிகர். நாவலின் துவர்ப்பு தேநீரின் வேலையில் பாதியைப் பகிர்ந்துகொள்ளும். அதன் ஆந்தோசயனின் நிறமி அமிலத்தில் பட்டதும் ஊதாவிலிருந்து மாணிக்கச் சிவப்புக்கு மாறும். வேறு நிறச் சாயம் தேவையே இல்லை.

கசப்புதான் மெதுவாகக் குடிக்க வைக்கும் கடிவாளம். நஞ்சை அடையாளம் காணவென்று நாக்கில் சுமார் 25 வகைக் கசப்பு ஏற்பிகள் இருக்கின்றன. கசந்தால் உடம்பு 'பொறு' என்கிறது. டானிக் வாட்டரின் கசப்பு கொய்னாவுடையது. 1820இல் பெல்த்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் சின்கோனாப் பட்டையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 1860இல் அந்த மரம் நீலகிரிக்கு வந்தது. ஊட்டியைச் சுற்றியும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் எழுந்தன. மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை விழுங்கிய தலைமுறை அந்தக் கசப்பை மறந்திருக்காது. வீட்டில் கசப்புக்குப் பம்பளிமாஸ் சுளையின் மேல்தோல், வறுத்த வேப்பம்பூ ஊறிய தண்ணீரில் சில துளி, ஆறிய டிகாக்ஷன் ஒரு கரண்டி என்று எத்தனையோ வழி. கசப்பு தூக்கலாகிவிட்டால் சர்க்கரையைத் தேடாமல் உப்பைத் தேடுங்கள். கசப்பும் இனிப்பும் கலந்த கரைசலில் கொஞ்சம் உப்பு சேர்ந்தால் கசப்பு அமுங்கி இனிப்பு மேலே வருகிறது என்று பிரெஸ்லினும் பீச்சாமும் 1997இல் காட்டினார்கள். 20 கிராம் உப்பை 80 மி.லி. தண்ணீரில் கரைத்துச் சின்னப் புட்டியில் வைத்துக்கொண்டால் கோப்பைக்கு மூன்று துளி போதும். உப்புக் கரித்தால் அளவு தவறிவிட்டது என்று அர்த்தம்.

கடைசியாகச் சோடா. நாக்கில் அது கடிப்பது குமிழிகள் உடைவதால் என்றுதான் நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். குமிழியே உண்டாக முடியாத உயர் அழுத்த அறையில் உட்கார வைத்து ஆய்வாளர்கள் சிலருக்குச் சோடா கொடுத்துப் பார்த்தார்கள். அதே கடி இருந்தது. நாக்கில் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி, கரைந்த கரியமில வாயுவை அமிலமாக்குகிறது; கடிப்பது அந்த அமிலம். மலை ஏறுபவர்கள் உயர நோய்க்குச் சாப்பிடும் அசிட்டசோலமைடு மாத்திரை அந்த நொதியைத் தடுத்துவிடும்; மலையுச்சியில் பீரைத் திறந்தவர்கள் அது சப்பென்று இருக்கிறதே என்று குழம்பியிருக்கிறார்கள். ஆகவே குமிழியின் ஆட்டத்தைவிட உள்ளே கரைந்திருக்கும் வாயு முக்கியம். 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1.7 லிட்டர் வாயுவைக் கரைத்துக்கொள்ளும், 25 டிகிரியில் முக்கால் லிட்டர்தான். சோடாவை நன்றாகக் குளிர வைத்து, எல்லாம் கலந்த பிறகு கடைசியில், கோப்பையின் ஓரமாகச் சாய்த்து ஊற்றி, ஒரே ஒரு முறை கிளறினால் போதும். 1872இல் ஹிராம் காட் காப்புரிமை பெற்ற கோலி சோடாப் புட்டி இந்த வாயுவைக் காப்பதற்காகவே பிறந்தது. உள்ளிருக்கும் அழுத்தமே கோலியைக் கழுத்து ரப்பரில் இறுக்கி நிறுத்துகிறது. அதன் 'டப்' சத்தத்தோடு தொடங்கும் கோப்பைக்கு என் மனதில் தனி இடம்.

மதுவை அறவே விலக்கியவர்களுக்குச் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. கசப்புக்காகச் சிலர் சொட்டு விடும் அங்கோஸ்டுரா பிட்டர்ஸில் 44.7 சதவீதம் சாராயம். வெனிலா எசன்ஸ் பலவற்றில் உண்டு. கொம்புச்சாவிலும் வீட்டில் புளிக்க வைக்கும் இஞ்சிப் பானங்களிலும் கொஞ்சம் ஊறும். 'மதுவில்லா' என்று எழுதிய புட்டிகளிலும் பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம். இன்னொன்று: குடியை விட்டவருக்கு விஸ்கியின் மணத்தை அப்படியே நகலெடுத்துக் கொடுப்பது நல்ல யோசனையாகத் தோன்றலாம். சிலருக்கு அந்த மணமே பழைய ஆசையைக் கிளப்பும். கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். கேட்பதில் வெட்கமில்லை.

நான் கேட்டேன். "விஸ்கி மாதிரி இருக்க வேண்டாம், ஜூஸ் மாதிரியும் இருக்க வேண்டாம்" என்றார் நண்பர். சென்ற ஆடி மாதம் அதே மொட்டைமாடி. நாவல் ஷ்ரப் 25 மி.லி., சுக்குக் கஷாயம் 30, குளிர்ந்த கறுப்புத் தேநீர் 60, எலுமிச்சைச் சாறு 10, உப்புக்கரைசல் மூன்று துளி, ஒரு பெரிய ஐஸ் கட்டி, மேலே 80 மி.லி. சோடா. எலுமிச்சைத் தோல் ஒரு துண்டை மடித்து, எண்ணெய் கோப்பைமேல் தெறிக்கும்படி நசுக்கிவிட்டு, அதே கனத்த கண்ணாடிக் கோப்பையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். தொண்டையைத் தடவிக்கொண்டார். பிறகு எதுவும் சொல்லாமல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பாதியில் விட்ட கதையைத் தொடர்ந்தார். அது முடிந்து இன்னொரு கதையும் முடிந்தபோது, ஐஸ் கட்டி நெல்லிக்காய் அளவுக்குச் சிறுத்திருந்தது. கோப்பையில் இன்னும் இரண்டு வாய் மிச்சம் இருந்தது.